அடிவயிற்றுக் கவசம்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் வைபவம் ஒன்று உண்டு. வீட்டுத் தலைவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் துணியுமாக வாசலுக்கு வருவார். வண்டியின் கூரையைத் துடைப்பார்; கண்ணாடியைத் துடைப்பார்; கதவில் சிறு கீறல் ஒன்று தென்பட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிறுத்தி விசாரணை நடத்துவார். ஆனால் ஒரு தடவையாவது குனிந்து, வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் பார்த்ததில்லை. ஒன்பது வருஷ காலம் பார்க்காமலே ஓட்டினேன். அதற்கு உரிய அபராதத்தை ஒரே மாலையில் செலுத்தி விட்டேன். அந்தக் கதையையும், அதில் கற்ற பாடத்தையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

கதை எங்கள் பள்ளிக்கூட வாசலிலே ஆரம்பமாகிறது. இரண்டு வருஷங்களுக்கு முன்பு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதி அவன் கால் முறிந்தது. உயிருக்கு அபாயம் இல்லாமற் போனது எங்கள் பாக்கியம். மறுநாளே உபாத்தியாயர்கள் கூடி, பள்ளி வாசலில் வேகத்தடை அமைக்கும்படி மனுச் செய்வது என்று தீர்மானித்தோம். மனு எழுதுவதில் எனக்குச் சிறிது பெயர் உண்டு. ஆகையால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "உடனடியாக வேகத்தடை" என்று இரண்டு இடத்தில் கோடிட்டு எழுதினேன். எந்த அளவில் வேண்டும் என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை.

வேகத்தடை வந்தது. ஒரே இரவில் வந்தது. பெரிய பூசணிக்காயைப் பாதியாக அறுத்துச் சாலையின் குறுக்கே வரிசையாகக் கவிழ்த்தாற் போல் இருந்தது. வண்டிகள் எல்லாம் அதன் எதிரே வந்து தயங்கி நின்றன. பிள்ளைகள் அச்சமின்றிச் சாலையைக் கடந்தார்கள். நாங்கள் பெருமையுடன் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மேட்டில் முதல் முதலாக அடிவயிறு உரசிய மோட்டார் எது என்று கேட்கிறீர்களா? வேறு எது? என்னுடையதுதான்.

சத்தம் பயங்கரமாக இருந்தது. இறங்கிப் பார்த்தேன். இஞ்சினுக்கு அடியிலிருந்து கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்று கிழிந்து தொங்கிற்று. அப்படி ஒரு தகடு அங்கே இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வழக்கமாகப் போகும் பட்டறைக்கு ஓட்டிச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் அதைப் பிய்த்தெடுத்து மூலையில் போட்டார்.

"இது எதற்கு ஸார்? சும்மா அழகுக்குப் போட்டிருக்கிறார்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் இதைக் கழற்றி மாட்டுவதே ஒரு தொல்லை. இல்லாமலே ஓட்டலாம்" என்றார்.

கேட்பதற்கு இதமாக இருந்தது. செலவு மிச்சம் என்று சொல்லும் யோசனை எந்த உபாத்தியாயருக்குத்தான் இதமாக இராது? சம்மதித்து வந்துவிட்டேன். கவச குண்டலத்தைக் கேட்டு வந்தவன் இன்னான் என்று அறிந்தே கர்ணன் கொடுத்தான். நான் கொடுப்பது கவசம் என்றே அறியாமல் கொடுத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பிளாஸ்டிக் தகடு அழகுக்காக வைத்தது அல்ல. மழைக்காலத்தில் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் நீரும் இஞ்சினின் வார்ப் பட்டையிலும் மின்சாரக் கம்பி இணைப்புக்களிலும் படாமல் அது தடுக்கிறது. வண்டியின் அடியில் புகும் காற்றைத் தடங்கலின்றி ஓடச் செய்து, எரிபொருளைச் சிறிது மிச்சப்படுத்துகிறது, இரைச்சலையும் குறைக்கிறது. ஆனால் ஒன்று: கல்லடியைத் தாங்குவது அதன் வேலையன்று. சிறு ஜல்லிகளைத் தடுக்கும். பெரிய கல்லை எதிர்த்து நிற்காது. அதற்கு இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த தகடு வேண்டும். பட்டறைக்காரர்கள் அதை 'சம்ப் கார்டு' என்றும் 'இஞ்சின் கார்டு' என்றும் சொல்கிறார்கள்.

'சம்ப்' என்பது இஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி. சாதாரணக் குடும்ப வண்டியில் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் அதில் தேங்கி நிற்கும். இஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு அந்த எண்ணெயை உறிஞ்சி, சுழலும் பாகங்களுக்கெல்லாம் அழுத்தத்தோடு செலுத்துகிறது. சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள எண்ணெய்ப் படலம் ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. நிமிஷத்துக்கு 2,000, 3,000 தடவை சுழலும் இரும்பை மற்றோர் உலோகத்தில் உரசாமல் காப்பாற்றுவது அந்தப் படலம் ஒன்றுதான். இத்தனை முக்கியமான தொட்டி எங்கே இருக்கிறது? இஞ்சினிலேயே எல்லாவற்றுக்கும் கீழே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில்! எண்ணெய் தானாக வடிந்து வந்து சேரவேண்டுமானால் தொட்டி கீழேதான் இருந்தாக வேண்டும். யந்திர சாஸ்திரிகளைக் குறை சொல்வதற்கில்லை.

பொங்கல் விடுமுறையில் என் மனைவியின் பூர்வீகக் கிராமத்துக்குப் புறப்பட்டோம். நாங்கள் இருவரும், குழந்தைகள் இருவரும், என் மாமியாரும். பின்புறத்தில் ஒரு மூட்டை அரிசி, இரண்டு கரும்புக் கட்டு. வண்டி வழக்கத்தைவிடத் தாழ்ந்துதான் சென்றது. கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. டிராக்டர்கள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் புல் முளைத்து மேடிட்டிருந்தது. அந்தப் புல்லுக்குள்ளே ஒரு கருங்கல் மறைந்திருந்தது. சக்கரத்துக்கு வழி பார்த்து ஓட்டினேனே தவிர, வயிற்றுக்கு வழி பார்க்கவில்லை.

'ணங்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் அலாவுதீன் விளக்கைப் போன்ற உருவம் ஒன்று எனக்கு எதிரே சிவப்பாக எரிந்தது.

"நிறுத்துங்கள். ஏதோ சிவப்பு விளக்கு எரிகிறதே!" என்றாள் மனைவி.

"இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன் நான்.

"வகுப்பில் நீங்கள் சொல்வதைப் பையன்கள் கேட்காவிட்டால் எவ்வளவு கோபம் வருகிறது உங்களுக்கு? வண்டி சொல்வதை நீங்கள் கேட்கிறீர்களா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வண்டியை நிறுத்தி இஞ்சினையும் அணைத்தேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால், வந்த வழி நெடுக எண்ணெய் கோடு கிழித்திருந்தது. மாமியார் கரும்புக் கட்டின் மேல் அமர்ந்து ராம நாமம் சொல்லத் தொடங்கினார். இருட்டும் நேரத்தில் வந்த விவசாயி ஒருவர், "ஐயா, இந்தக் கல் இந்த வருஷத்தில் உங்களோடு சேர்த்து மூன்று வண்டியைப் பார்த்துவிட்டது" என்று சொல்லி, தம்முடைய டிராக்டரில் கயிறு கட்டி ஊர் வரையில் இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்து வரப்பில் போட்டதும் அவரேதான். கூலி என்று ஒன்றும் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்.

தாலூகா தலைநகரில் ஒரு வயதான மெக்கானிக் தொட்டியைக் கழற்றிக் காண்பித்தார். வார்ப்பு அலுமினியம், சுண்டுவிரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. சில வண்டிகளில் தொட்டி இரும்புத் தகட்டில் செய்திருக்குமாம். அது வெடிக்காமல் ஒடுங்கும். ஒடுங்கினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். ஒடுங்கிய தகடு, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்துவிடலாம். அப்போது ஒரு சொட்டு எண்ணெய் வெளியில் ஒழுகாமலே இஞ்சின் வறண்டுபோகும்.

"அந்தச் சிவப்பு விளக்கு எண்ணெய் அளவைக் காட்டுவது அல்ல, ஸார். அழுத்தம் போய்விட்டது என்று காட்டுவது. அது எரிந்த பிறகு மேற்கொண்டு ஓட்டுவது என்பது கிடையாது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் இஞ்சினையே மாற்றியிருக்க வேண்டும்" என்றார் அவர்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

புதுத் தொட்டியும் புது எண்ணெயும் சேர்ந்து பாதி மாதச் சம்பளத்தை விழுங்கின. அதோடு, அந்த மெக்கானிக்கின் யோசனைப்படி இரும்புத் தகடு ஒன்றும் பூட்டிக்கொள்ளத் தீர்மானித்தேன். அன்று முழுவதும் அருகிலே நின்று பார்த்ததோடு, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகமும் வகித்தேன். ஆகையால் கண்டதைச் சொல்லும் யோக்யதை எனக்கு உண்டு.

முதலில் இடம். சமதளமாயும் கெட்டியாயும் உள்ள தரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். ஜாக்கியால் முன்புறத்தைத் தூக்கியவுடன் அடியில் புகுந்துவிடவில்லை. இரு பக்கமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியின் பாரத்தை அவற்றின் மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போனார். "ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல" என்பது அவர் வாக்கு. இதை மறந்தவர்களில் சிலர் மறுபடி எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னார். இஞ்சின் ஆறும் வரையில் காத்திருந்தார். புகைக்குழாயில் கை பட்டால் தோல் உரிந்துவிடும்.

அடுத்தது, பூட்டும் இடம். தகட்டை இஞ்சினோடு சேர்த்துப் பூட்டக் கூடாது. இஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் எப்போதும் அசைந்துகொண்டிருப்பது. அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், வண்டி செய்தவர்களே விட்டிருக்கும் துளைகளில்தான் தகட்டைப் பூட்டவேண்டும். இன்ன வண்டிக்கென்று அளவெடுத்துச் செய்த தகடானால் அந்தத் துளைகள் நேருக்கு நேர் வந்து பொருந்தும். பொருந்தாத தகட்டை வாங்கிவந்து சட்டத்தில் புதுத் துளை போடுவது பெரிய தவறு. மோதல் நேர்ந்தால் முன்புறம் இன்னவாறு மடங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். நம் துளை அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும்.

துளைகளின் மரையில் அடைத்திருந்த மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தார். பிறகு தகட்டை இன்னொரு ஜாக்கியின் மேல் வைத்து உயர்த்தி, எல்லா போல்ட்டுகளையும் கையாலேயே சில சுற்றுத் திருகினார். ஒன்றை முழுதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசிப் போல்ட் துளையில் சேராது. எல்லாம் சேர்ந்த பின்னர், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினார். போல்ட்டின் தலைக்கு அடியில் அகன்ற வாஷர். தகடும் சட்டமும் சேரும் இடத்தில் ரப்பர்த் துண்டு. ரப்பர் இல்லாவிட்டால் வண்டி கிலுகிலுப்பை ஆகிவிடும்.

கடைசியாக அவர் பார்த்தவை நான்கு. தகட்டுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி இருக்கிறதா? புகைக்குழாயில் எங்கேனும் தட்டுகிறதா? எண்ணெய் வடிக்கும் திருகுக்கு நேரே திறப்பு உண்டா? காற்றுப் போவதற்குப் பின்னோக்கிய துவாரங்கள் உண்டா? அத்துடன், தகட்டின் முன் விளிம்பு பலகைச் சறுக்கைப் போல மேல் நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கல்லிலே குத்தி நிற்காமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வாருங்கள், போல்ட்டுகளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினார். போனபோது இரண்டு போல்ட்டுகள் சற்றுத் தளர்ந்துதான் இருந்தன.

இரும்பா அலுமினியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. அரைச் சதுர மீட்டர் பரப்புள்ள இரும்புத் தகடு 2 மில்லிமீட்டர் கனமானால் சுமார் 8 கிலோ நிறுக்கும். அதே பரப்புள்ள அலுமினியம் 4 மில்லிமீட்டர் கனமானாலும் ஐந்தரைக் கிலோவுக்கு மேற்படாது, துருவும் பிடிக்காது. ஆனால் விலை ஜாஸ்தி. இரும்பை வாங்கினால், பெயிண்டு உரிந்த இடங்களை மழைக்காலத்துக்கு முன் பார்த்துப் பூசிவிட வேண்டும்.

இந்தக் கவசம் புதிய யோசனை அன்று. 1959-ஆம் வருஷம் இங்கிலாந்தில் அலெக் இஸ்ஸிகோனிஸ் என்பவர் அமைத்த 'மினி' என்னும் சிறு மோட்டார் வெளிவந்தது. இடம் போதாமையால் கியர்ப் பெட்டியையே எண்ணெய்த் தொட்டிக்குள் அமைத்துவிட்டார். சக்கரமோ பத்தே அங்குலம். தொட்டியில் அடிபட்டால் இஞ்சினும் கியரும் ஒன்றாகப் போயின! அந்தக் குட்டி வண்டி 1964, 1965, 1967 ஆகிய வருஷங்களில் மான்டி கார்லோ பந்தயத்தில் பெரிய வண்டிகளை வென்றது. அப்படிப் பந்தயத்துக்குப் போன மினிகள் வலுவான உலோகத் தகட்டை அடியில் பூட்டிக்கொண்டுதான் போயின.

எண்ணெயே வேண்டாத மின்சார மோட்டார்களுக்கு இந்தக் கவலை இராது என்று நினைத்தால் அதுவும் தவறு. 2013-இல் அமெரிக்காவில் 'டெஸ்லா மாடல் எஸ்' வண்டிகள் இரண்டு நெடுஞ்சாலையில் கிடந்த இரும்புப் பொருள்களின் மேல் ஏறின. அடியிலிருந்த பாட்டரி, கால் அங்குல அலுமினியக் காப்பு இருந்தும், துளைபட்டுத் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் காயமின்றித் தப்பினார்கள். 2014 மார்ச்சு முதல் அந்தக் கம்பெனியார் டைட்டேனியத் தகடு ஒன்றையும் அலுமினியத் தடுப்புக்களையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். பழைய வண்டிகளுக்கும், கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள்.

ஆனால் கவசம் பூண்டவனுக்கு இரண்டு அபாயங்கள் உண்டு. முதலாவது, கவசம் மறைக்கும். முன்பெல்லாம் எண்ணெய் கசிந்தால் வாசல் தரையில் கறை தெரியும். இப்போது அது தகட்டின் மேலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் வாரத்துக்கு ஒரு தடவை அளவுக் கம்பியை இழுத்து எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பது அவசியம். தகட்டின் மேல் சேரும் சருகையும், மறந்துவிட்ட துணியையும் அப்புறப்படுத்த வேண்டும்; சூடான குழாய்க்குப் பக்கத்தில் அவை இருப்பது நல்லதல்ல. இரண்டாவது அபாயம், தைரியம். தகடு வந்ததும் தரையிலிருந்து வயிற்றுக்கு உள்ள இடைவெளி சற்றுக் குறைந்துவிடுகிறது. 'அதுதான் கவசம் இருக்கிறதே' என்று வேகமாகப் போகிறவனுக்கு அது கவசம் அல்ல; தூண்டில். மேட்டுக்கு முன்பே பிரேக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்து, மேட்டின் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். பிரேக்கை அழுத்தியபடியே ஏறினால் வண்டியின் மூக்குத் தாழ்ந்து அதுவே உரசும்.

இனி, பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பி வருவோம். வீடு வந்து சேர்ந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. வேகத்தடை என்றால் அதற்கு ஏதாவது அளவு இருக்காதா? இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு 1988-லேயே அளவு வகுத்தது. உயரம் 10 சென்டிமீட்டர். சாலையின் நீளவாட்டில் அகலம் 3.7 மீட்டர், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சிறு வில்லாக அது வளைந்திருக்க வேண்டும் என்று அன்று வகுத்தார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு அது துன்பம் தராது. அதற்கு மேல் போகிறவனைத் தூக்கிப்போடும். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி, தூரத்திலேயே அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருந்தது. எங்கள் பூசணிக்காயை அளவு நாடா கொண்டு அளந்தேன். உயரம் 19 சென்டிமீட்டர். அகலம் முக்கால் மீட்டர்!

வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், "அந்த மேட்டையே எடுத்துவிடும்படி எழுதுங்கள்" என்று சொன்னார்கள். கால் முறிந்த பையன் இப்போது பத்தாம் வகுப்பில் என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்த்துக்கொண்டு அப்படி ஒரு மனு எழுத என் கை வருமா? என் இஞ்சினுக்கு வேண்டிய கவசத்தை நான் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்குக் கவசம் அந்த மேடு ஒன்றுதான். ஆனால், அளவில்லாமல் செய்த கவசம் பிறரைக் குத்துகிறது. கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும் அந்தச் சாலையில்தான் போக வேண்டும்.

ஆகையால் இரண்டாவது மனுவை எழுதினேன். இம்முறை கோடிட்ட சொற்கள் ஒன்றும் இல்லை. அளவுகள் மாத்திரம் இருந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டத்தின் ஆரத்திலிருந்து வில்லின் உயரத்தைக் கணக்கிட்டு, படம் வரைந்து இணைத்தார்கள். கணக்கு அதிகாரிகளின் அளவோடு சரியாக ஒத்துவந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

நான்கு மாதம் ஆயிற்று. சென்ற மாதத்தில் ஒருநாள் காலை ஆட்கள் வந்து பூசணிக்காயை உடைத்தெடுத்துப் புதிய மேடு போட்டார்கள். அளவு நாடாவின் ஒரு முனையை அவர்களில் ஒருவர் பிடித்தார்; மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். மாலையில் பள்ளி விட்டதும், பிள்ளைகள் கறுப்பு வெள்ளைப் பட்டைகளின் அருகே சாலையைக் கடந்தார்கள். அவர்கள் எல்லாரும் போன பிறகு என் வண்டியும் அந்த மேட்டின் மேல் ஏறி இறங்கிற்று. ஒரு சத்தமும் கேட்கவில்லை.